யார்டு பாயும் ஐந்தடிப் பலகையும்

கையில் ஒரு பொம்மை ரயில் கிடைத்தால் எவரும் அதை ஓட்டத்தான் பார்ப்பார்கள். தனக்குக் கிடைத்த ரயிலை மூன்று வருடம் ஓரடிகூட ஓடவிடாமல், அதை எங்கே நிறுத்துவது என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் என் தலைக்கு மேலே, இரண்டாவது மாடியில் குடியிருந்தது என் ஜாதகக் கோளாறு.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் அபார்ட்மெண்டில் அவருக்கு யார்டு பாய் என்று பெயர். நிஜப் பெயர் அவர் வீட்டுக் கரண்ட் பில்லில் இருந்திருக்கும். பூந்தமல்லிக்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சின்ன ஃபிளாட்டுகளுக்கு அலமாரியும் கிச்சன் கப்போர்டும் அடித்துக் கொடுப்பது தொழில். பாடியிலிருந்து ஆவடி வரைக்கும், “எடமே இல்லையே பாய்” என்று கையைப் பிசைகிற குடும்பங்களுக்கெல்லாம் அவர்தான் தெய்வம். கதவுக்குப் பின்னால் செருப்பு ஸ்டாண்டு, வாஷிங் மெஷினுக்கு மேலே பூஜை அலமாரி, ஜன்னலுக்குக் கீழே மடக்கு மேஜை என்று எங்கேயாவது இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய வீட்டில் மட்டும் ஒரு அலமாரிகூடக் கிடையாது. துணிமணியெல்லாம் சூட்கேஸில் இருக்கும். அதைக் கேட்டால் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், வானத்தைப் பார்ப்பார்.

ரயில் வந்த கதை சின்னது. முகப்பேர் பக்கம் ஒரு வாடிக்கையாளர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது, பரண் மேல் கிடந்த அட்டைப்பெட்டியை, “குப்பையில போட மனசு வரல, நீங்க எடுத்துக்குங்க பாய்” என்று கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு எஞ்சின், பதினான்கு வேகன்கள், கொஞ்சம் தண்டவாளம். எஞ்சின் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. பார்க்க நிஜ ரயில் காய்ச்சலில் இளைத்தது மாதிரி அத்தனை நுணுக்கமாக இருக்கும். வேறு யாராவதாக இருந்தால் தரையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, நாலு சுற்று ஓட்டிவிட்டு, ஐந்தாவது நாள் மறுபடி பரணில் ஏற்றியிருப்பார்கள்.

பாய் அப்படிப்பட்டவர் இல்லை.

“ஓட்டறது இன்னா பெரிய விஷயம் நைனா? பட்டனை அமுக்குனா ஓடுது. கொயந்தைகூட ஓட்டும். பதினாலு வண்டியும் ஒயுங்கா நிறுத்திக்கினு, நமக்கு எது வேணுமோ அத்த மட்டும் வெளிய எடுக்கணும் பாரு, அதான் வேலை. அதுக்குப் பேரு யார்டு.”

இதை அவர் சொல்லும் நேரம்தான் பிரச்சினை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நட்டு போல்ட் கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். லாரி ஏன் வரவில்லை என்று பகல் முழுக்கப் போனில் கத்திவிட்டு, பஸ்ஸில் தொங்கி, ஆவடியில் ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினால், மாடிப்படிக்கு அடியில் பாய் நின்றுகொண்டிருப்பார். கையில் லாமினேட் கேட்டலாக். அதன் பின்பக்க வெள்ளையில் பென்சில் படம்.

“நைனா, ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிஷத்தில் என் காபி மூன்று முறை சூடாகி மூன்று முறை ஆறும்.

அவருடைய துக்கம் இதுதான். வீட்டில் கிடைத்த இடம் ஐந்தடி நீளப் பலகை ஒன்று. அதில் ஒற்றைத் தண்டவாளம் வந்து, கைவிரல் மாதிரி ஐந்தாகப் பிரிய வேண்டும். தண்டவாளம் பிரிகிற இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். ஐந்தாகப் பிரிய நாலு பாயிண்ட் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தைத் தின்னும்.

“நாலு சாண், மூணடி போச்சா? எஞ்சின் முன்ன பின்ன போய் வர ஓரடி வேணும். அது மூச்சு வுடற எடம், அதுல கை வெக்கக் கூடாது. மீதி இன்னா? ஓரடி! ஓரடில பதினாலு வண்டிய எங்க நிறுத்துவே நீ?”

ஏதோ நான்தான் பதினான்கு வண்டியையும் கொண்டுவந்து அவர் வாசலில் இறக்கிவிட்ட மாதிரி கேட்பார்.

“நாலு லைன் போதாதா பாய்?” என்று ஒரு நாள் தெரியாமல் கேட்டுவிட்டேன். அடுத்த முக்கால் மணி நேரம் நாலு லைனில் ஏன் முடியாது என்பதற்குப் போனது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் “ஆமா பாய்” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பலகை வீட்டுக்குள் ஊர்ஊராகச் சுற்றியது. முதலில் கட்டிலுக்கு அடியில். குனிந்தால் முதுகு பிடித்துக்கொண்டது. அப்புறம் பீரோ மேல். எட்டிப் பார்த்தால் மின்விசிறி தலையைத் தட்டியது. சமையல்கட்டு ஷெல்ஃபில் இரண்டு நாள் இருந்தபோது ஒரு வேகன் சாம்பாரில் விழுந்தது. அக்கா கரண்டியோடு அதை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு, “ஒங்க முருங்கக்கா” என்றாராம்.

இதற்குள் என் மனைவி விஜியும் இதில் மாட்டினாள். எங்கள் வீட்டு இஸ்திரி டேபிளின் நீளம் தனக்கு வேண்டிய அளவு என்று பாய் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். “ரெண்டு நாள் குடு தங்கச்சி” என்று வாங்கிப்போனவர், பன்னிரண்டாம் நாள் கொண்டுவந்து வைத்தார். மேலே இருந்த துணியில் ஐந்து லைன் யார்டு முழுசாகத் தச்சுப் பென்சிலால் வரைந்திருந்தது. விஜி அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் தெளித்து என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தாள். நான் கம்பெனிக்குப் போய் மத்தியானம் சாப்பிடும்போதுதான், “சார், முதுகுல இன்னா ரூட் மேப்பா?” என்று லோடிங் ஆட்கள் கேட்டார்கள்.

அன்றிலிருந்து விஜி அவரைப் பெயர் சொல்வதை விட்டுவிட்டாள். ‘உங்க ஆளு’ என்பாள். “உங்க ஆளு படிக்கட்டுல நிக்கிறாரு. சாப்பாட்டை மூடி வெச்சுட்டு நான் டிவி பாக்கறேன்.”

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் அபார்ட்மெண்டில் கீழே எட்டு வண்டி நிற்கிற இடத்தில் பதினைந்து டூவீலர்கள். தினமும் சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பாய் எழுந்து நின்று, “இது யார்டு சமாச்சாரம். என்கிட்ட வுடுங்க” என்றார். எல்லோரும் களைத்துப் போயிருந்ததால் விட்டுவிட்டோம். சாய்த்துச் சாய்த்துக் கோடு போட்டு, பதினைந்தையும் நிற்க வைத்தார். பார்க்க அவ்வளவு அழகு. ஒரே ஒரு நிபந்தனை, காலையில் யார் முதலில் கிளம்புகிறார்களோ அவர்கள் ராத்திரி கடைசியாக நிறுத்த வேண்டும். அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

ஒன்பது நாள் சொர்க்கமாக ஓடியது. பத்தாம் நாள், வாயில் ஓரத்தில் நிறுத்தியிருந்த மூன்றாவது மாடிக்காரர் பஸ் பிடித்து ஆரணிக்குத் துக்கத்துக்குப் போய்விட்டார், சாவியோடு, ஹேண்டில் லாக் போட்டுவிட்டு. காலை எட்டு மணிக்குப் பதினான்கு வண்டிகள் உள்ளே. பதினான்கு பேர் ஹெல்மெட்டோடு வெளியே. பாய் லுங்கியோடு இறங்கி வந்து, அட்டவணையைப் பார்த்து, “இவுரு ஏன் போகல?” என்று கேட்டார். அன்று அவர் கேட்ட வசவுகளில் பாதி எனக்கே புதுசு. அதற்குப் பிறகு கட்டட விஷயத்தில் அவர் வாயைத் திறந்தால் எல்லோரும் ஒரே குரலில், “ஒக்காரு பாய்” என்பார்கள். அவரும் உட்கார்ந்துவிடுவார்.

பலகை விஷயத்தில் மட்டும் உட்காரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் படிக்கட்டு வரைக்கும்கூடப் பொறுக்காமல், தெருமுனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே என்னைப் பிடித்தார்.

“முடிஞ்சுது நைனா! பாயிண்டே வேணாம்!”

நாலு பாயிண்டையும் கழற்றி எறிந்துவிட்டாராம். அதற்குப் பதிலாக ஒன்றரை அடிப் பலகைத் துண்டு ஒன்று. அதன்மேல் ஒற்றைத் தண்டவாளம். ஒரு முனையை ஆணி மாதிரி அச்சில் பொருத்தி, மறுமுனையை விசிறி மாதிரி ஆட விட்டிருந்தார். கையால் தள்ளினால் அந்த முனை முதல் லைனுக்கு நேராகப் போகும். இன்னும் தள்ளினால் இரண்டாவது. இப்படி ஐந்துக்கும். பிரிகிற வேலையே கிடையாது. மிச்சம் மூன்றரை அடியும் வண்டி நிறுத்தத்தான். பலகைக்கு அடியில் நாலு நல்ல பேரிங் சக்கரம் மாட்டிக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டால், வீட்டில் யாருக்கும் இடைஞ்சலும் இல்லை.

“தண்டவாளம் அங்கியே கெடக்கணும்னு மூணு வருசமா நானே முடிவு பண்ணிக்கினு கீறேன் பாரு, முட்டாள்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து முதல் வண்டியை எடுப்பதாகவும், நான் அரை நாள் லீவு போட வேண்டும் என்றும் சொன்னார். “ஆமா பாய்” என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள், மண்ணூர்பேட்டையில் கார்மெண்ட் கம்பெனி வேலை முடிந்து திரும்பிய விஜியின் ஸ்கூட்டர் மழைச் சேற்றில் வழுக்கியது.

வலது காலில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. பிளேட் வைத்தார்கள். வலது மணிக்கட்டும் பிசகியிருந்ததால் வாக்கரைப் பிடிக்க முடியாது. பத்து வாரம் வீல்சேர் என்றார் டாக்டர். மகள் திருச்சியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு இருந்த லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது. பகலில் அக்கா இறங்கி வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் வீடு தரைத்தளம் என்பதால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சமாளிக்க முடியவில்லை. படுக்கையறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே வீல்சேர் நுழைந்தது. பாத்ரூம் வாசல் வரைக்கும் போயிற்று. அங்கே திரும்ப வேண்டும். திரும்ப இடமில்லை. யாராவது பின்னால் நின்று சேரைத் தூக்கித் திருப்பினால்தான் உண்டு. அக்காவுக்கு இடுப்பு வலி. விஜி, ஐம்பது பெண்களை வேலை வாங்குகிற கட்டிங் சூப்பர்வைசர், பாத்ரூம் போக அடுத்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் சாயங்காலம் நான் வந்தபோது, காலையில் நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது.

“தண்ணி குடிக்கலையா?”

“தாகமில்ல.”

“நேத்தும் இப்படியே இருந்துச்சே.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “குடிச்சா போகணும். போகணும்னா கூப்பிடணும். என்னைப் பூந்தமல்லியில எங்க அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்க.”

அண்ணன் வீட்டில் அவளுக்கும் அண்ணிக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. அங்கே போகிறேன் என்கிறாள் என்றால் எந்த அளவுக்கு நொந்துபோயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். மருந்துக் கடைக்குப் போகலாம் என்று கதவைத் திறந்தேன். படிக்கட்டுக்கு அடியில் பாய்.

“நைனா, ஒரு நிமிஷம்...”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. “உங்க யார்டைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க பாய்! ஒரு மனுஷி பாத்ரூம் போக முடியாம தண்ணி குடிக்கறதையே நிறுத்திட்டா. உங்களுக்குப் பதினாலு வண்டிய நிறுத்தறதுதான் கவலையா?”

மூன்று மாடியிலும் கதவுகள் திறந்தன. பாய் கையில் ஒரு தூக்குச்சட்டி வைத்திருந்தார், அக்கா கொடுத்தனுப்பிய நோன்புக்கஞ்சி மாதிரியான ஏதோ ஒரு கஞ்சி. அதை என் வாசலில் வைத்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைப்புமணி அடித்தது. டேப்போடு நின்றார்.

“தங்கச்சி ரூமைப் பாக்கணும்.”

பார்க்கிங் ஞாபகம் எனக்கு வராமல் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. அவர் அறையை அளந்தார், பீரோவை அளந்தார், வீல்சேரை மூன்று பக்கமும் அளந்தார். “காலை எவ்ளோ நீட்டுவீங்க தங்கச்சி?” என்று கேட்டு விஜியின் காலில் போட்டிருந்த கட்டையும் அளந்தார். மத்தியானம் அட்டையில் குட்டி வீல்சேர், குட்டிக் கட்டில் எல்லாம் வெட்டிக் கொண்டுவந்து கேட்டலாக் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாராம்.

“எனக்கு பாத்ரூம் போகணும். உங்க ஆளு பொம்மை வெச்சு விளையாடிட்டுப் போறாரு” என்று விஜி போனில் அழுதாள்.

சாயங்காலம் நான் வந்தபோது பாய் எங்கள் படுக்கையறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

“எடம் இல்லன்னு யாரு சொன்னது நைனா? எடம் கீது. அதும்மேல கட்டில் படுத்துக்கினு கீது.”

“கட்டிலை எடுத்துட்டா இவ எங்க படுப்பா?”

“எடுக்கச் சொல்லல. ஆட்டச் சொல்றேன்.”

கட்டிலின் தலைமாட்டில் சுவரோரக் காலை மட்டும் தரையில் ஒரு அச்சில் பொருத்தினார். மற்ற மூன்று கால்களுக்கும் சக்கரம். விஜி வீல்சேரில் உட்கார்ந்து இடது கையால் ஒரு தள்ளுத் தள்ளினால், கட்டிலின் கால்மாடு விசிறி மாதிரிச் சுழன்று எதிர்ச்சுவரோரம் போய் ஒட்டிக்கொள்ளும். பாத்ரூம் வாசலில் வட்டமாக இடம் விரியும். சேரைத் திருப்பி நேராக உள்ளே போகலாம். வெளியே வந்து கட்டிலை இழுத்துவிட்டால் மறுபடி பழைய அறை.

முதல் சோதனைக்கு அவரே வீல்சேரில் உட்கார்ந்தார். ஒரு தள்ளு. சக்கரம் அவ்வளவு நைசாக ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்டில் சுழன்று வந்து என் முழங்காலில் இடித்து, சுவரில் ஒரு கை அகலம் காரையைப் பெயர்த்துவிட்டு நின்றது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய், “தாப்பா ஒண்ணு போடணும்” என்று குறித்துக்கொண்டார்.

விஜி சிரித்தாள். ஸ்கூட்டர் விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. என் முழங்கால் அதற்குப் பயன்பட்டது.

கட்டிலுக்குத் தாழ்ப்பாள் வைத்ததும் அவள் எங்கள் இருவரையும் அறையை விட்டு வெளியே போகச் சொன்னாள். கூடத்தில் நின்றோம். உள்ளே தாழ்ப்பாள் விடுபடும் சத்தம். சக்கரம் உருளும் சத்தம். பாத்ரூம் கதவு சாத்தும் சத்தம். பாய் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து விஜியின் குரல் வந்தது.

“ஏங்க, தண்ணி பாட்டிலை ரொப்பி வைங்க.”

பாய் என்னைப் பார்க்காமல் வேகமாக வெளியே போய்விட்டார்.

சௌகரியம் என்றால் அவளுக்குத்தான். தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்த என்னை விடிகாலை ஐந்தரைக்கு அந்தக் கட்டில் துடைப்பம் மாதிரி பீரோ மூலைக்குக் கூட்டிக்கொண்டு போகும். எட்டு வாரம் அந்த மூலையில்தான் எழுந்தேன்.

எலும்பு கூடிவிட்டது, ஊன்றுகோலோடு நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரம், விஜி கட்டிலிலிருந்து மூன்று சக்கரங்களையும் கழற்றச் சொன்னாள்.

“இது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா உங்களுக்கு?”

“பாய் கடையில வாங்கியிருப்பாரு.”

“கடைச் சக்கரம் கரகரன்னு நிக்கும், தங்கச்சி ஒத்தக் கையால தள்ளணும்னு சொல்லி, பலகைக்கு அடியில இருந்ததைக் கழட்டிட்டு வந்துட்டாராம். அக்கா சொன்னாங்க. எட்டு வாரமா அது ஒரு சக்கரத்துலயும் மூணு செங்கல்லுலயும் நிக்குது. நானே போய்க் குடுக்கணும்.”

இரண்டு மாடி. நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, ஊன்றுகோலை மாற்றி வைத்து ஏறினாள். பாய்தான் கதவைத் திறந்தார். அவள் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு சக்கரம் மாட்ட நேராகக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டார். அக்கா டீ கொண்டுவந்து வைத்து ஆறிய பிறகுதான் எழுந்தார்.

பலகை கட்டிலடியிலிருந்து சத்தமில்லாமல் உருண்டு வந்தது. ஐந்து லைன், பதினான்கு வேகன்.

“எந்த வண்டி வேணும் தங்கச்சி?”

விஜி நாலாவது லைனில் முன்னால் நின்ற மஞ்சள் வேகனைக் காட்டினாள். அவர் சின்னப் பலகையை நாலாவது லைனுக்கு நேராகத் தள்ளி, பட்டனை அமுக்கினார். எஞ்சின் முக்கி முனகியபடி போய் மஞ்சள் வேகனை மட்டும் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. மொத்தம் ஒன்றரை அடி தூரம். மற்ற பதின்மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. அக்கா கையைத் தட்டினார். பாய் கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமமாக இருந்தது. முதல் படியில் விஜி தயங்கினாள். பாய் அவளைத் தாண்டிப் போய், ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி நின்றார். அவள் ஒரு படி இறங்கினால் அவர் பின்பக்கமாகவே ஒரு படி இறங்குவார். இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல் வைத்திருந்தார். தொடவில்லை. பார்வை அவள் காலிலேயே இருந்தது. லுங்கி தடுக்கும் என்றோ, தனக்குப் பின்னால் படி எங்கே இருக்கிறது என்றோகூட அவர் பார்க்கவில்லை. இந்த மனுஷன் விழுந்தால் யார் பிடிப்பது என்று எனக்குத் திக்கென்றது. கைப்பிடிச் சுவரோரமாக இருவரையும் தாண்டிப் போய், அவருக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டு, நானும் கையை ஏந்தியபடி பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தேன்.